ஐரினுக்கு லாயிட் போட்ட ஊசி

ஊசி ஐரினுக்கு. போடுகிறவன் அவள் தம்பி லாயிட்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில், நோயாளி தானே போட்டுக்கொள்ளலாம் என்று படத்தோடு விளக்கியிருப்பார்கள். படத்தில் இருக்கும் பெண்ணின் விரல்கள் நேராக இருக்கும். ஐரினுடையவை அப்படி இல்லை. முடக்குவாதம் வந்து முட்டிகள் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியின் மூடியை இழுக்கவும், தோலில் நேராக நிறுத்தி அழுத்திப் பிடிக்கவும் கையில் வலு வேண்டும். அந்த வலு வருவதற்காகத்தான் ஊசியே. அதனால் லாயிட் போட்டான்.

லாயிட்டுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஓசூர் ரோட்டில் லாரிக்கு அடியில் போன ஸ்கூட்டர். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெரு மிக்ஸிகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் கட்டிலில் சாய்ந்தபடியே பழுது பார்ப்பான். ஊசியையும் அப்படித்தான் கையாண்டான். முதல் 'டக்' கேட்டதும் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாவது 'டக்' கேட்ட பிறகு மெதுவாக எடுப்பான். வார்டில் என்னோடு வேலை செய்த சிலருக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

நான் அதே தெருவில் எதிர் வரிசையில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு, வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். லாயிட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, அவனை எப்படிப் புரட்டுவது, சிறுநீர்ப் பையை எப்படி மாற்றுவது, குதிகாலுக்கு அடியில் தலையணையை எப்படி வைப்பது என்று ஐரினுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். அப்போது அவள் பங்குப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்தும் லாயிட்டின் முதுகில் ஒரு புண் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் புரட்டினால்தான் அது நடக்கும்.

புரட்டக் கை வேண்டும். ஐரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் இல்லை. அவள் கை மடங்கிப்போனால் லாயிட் அந்த வீட்டில் இருக்க முடியாது. பொம்மனஹள்ளி தாண்டி, கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் இருவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

முதலில் கொடுத்த மாத்திரைகள் அவள் ஈரலைக் கெடுத்தன. பிறகுதான் இந்த ஊசி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போடுவார்கள். சில மாதத்தில் ஐரின் துணி பிழிந்தாள். பிழிந்த துணியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள், குழந்தை பரீட்சைத் தாளைக் காட்டுவது மாதிரி. சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

தோலில் முதல் தடிப்பை நான் பார்த்தது செப்டம்பரில், சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்குப் புறப்படும்போது. எங்கள் ஆட்கள் அன்றைக்கு ஆரஞ்சுப் புடவை உடுத்துவார்கள். ஐரின் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், கொசுவம் நிக்கமாட்டேங்குது. கொஞ்சம் வாங்களேன்."

போனேன். கொசுவத்தை மடித்துச் செருகும்போது, அடிவயிற்றில் இடது பக்கம் சிவந்து, தடித்து, சூடாக இருந்தது கையில் தட்டுப்பட்டது. உள்ளங்கையைவிடப் பெரிது. பாவாடை நாடா அதன் மேலேயே இறுகிக்கிடந்தது.

"என்னம்மா இது?"

"ஊசி போட்ட இடம் சிஸ்டர். எப்பவும் வர்றதுதான்."

"எப்பவும் இவ்ளோ பெரிசாவா?"

கட்டிலிலிருந்து லாயிட் குரல் கொடுத்தான். "இப்ப சப்பாத்தி சைஸ் சிஸ்டர். மொதல்ல பூரி சைஸ்தான் இருந்துச்சு."

"நீ வாய மூடுறா."

விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு மெதுவாகச் சிவந்தது. "வெளுக்குது. பரவாயில்ல" என்றேன்.

"வெளுத்தா நல்லதா?"

"ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். லாயிட் முதுகுலயும் இப்படித்தான் பாக்கச் சொல்லிக் குடுத்தேன். மறந்துட்டியா?"

"அவன் முதுக மறப்பனா? என்னோடது வேற."

தடிப்பின் மேல் ஏதோ பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன்.

"வேளாங்கண்ணி எண்ணெய்" என்றாள் ஐரின், நான் கேட்பதற்கு முன்பே. "ஊசி போட்டதும் சூடு பறக்கத் தேச்சு விட்டுருவேன்."

"ஊசி போட்ட எடத்தத் தேய்க்கக் கூடாதுன்னு அந்தக் காகிதத்துல போட்டிருக்கு."

"மாதா எண்ணெய் சிஸ்டர்."

"எனக்கும் மாதாதான். நெத்தியில வை. இங்க வைக்காத."

"நான் சொன்னா கேக்கவே மாட்டா" என்றான் லாயிட். "நான் மிக்ஸி மெக்கானிக்தானே."

"வலது பக்கம் எப்படியிருக்கு, காட்டு" என்றேன். வலது பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. எனக்குப் புரியவில்லை. "இந்தப் பக்கம் போடுறதே இல்லையா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். குறுகலானது. ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த இரும்புக் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால்தான் கதவு திறக்கும். லாயிட்டின் வலது கைப்பக்கம்தான் ஆள் நிற்க இடம். ஐரின் அங்கே வந்து அவனைப் பார்த்து நிற்பாள். அவன் கைக்கு எட்டுவது அவளுடைய இடது பக்கம். இடது வயிறு, இல்லாவிட்டால் இடது தொடை. ஆரம்பத்திலிருந்து எல்லா ஊசியும் அந்த ஒரு பக்கத்தில்தான். மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். வயிறு, அடுத்த தடவை தொடை என்று மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தை மாற்றவில்லை. சுவர் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் எட்டாது சிஸ்டர்" என்றான் லாயிட். "சுவத்த இடிச்சா எட்டும். ஓனர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நான் ஸ்டூலை எடுத்து, அவன் தலைப்பக்கம் பார்த்த மாதிரி கட்டிலோரம் போட்டு, ஐரினை உட்கார வைத்தேன். இப்போது அவளுடைய வலது தொடை அவன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

"இவ்ளோதானா?" என்றாள் ஐரின்.

"இவ்ளோதான்."

அன்றைக்கே மற்றதையும் சொன்னேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போடாதே, அரை மணி நேரம் வெளியே வை, வெந்நீரில் போடாதே. ஸ்பிரிட் காயட்டும். போட்ட பிறகு துணியில் சுற்றிய ஐஸை வை. நாடாவை அதன் மேல் கட்டாதே. தழும்பு, தடிப்பு இருக்கும் இடத்தில் மறுபடி குத்தாதே.

"டாக்டரம்மாகிட்ட காட்டினியா?"

"காட்டினேன் சிஸ்டர். பரவாயில்லன்னாங்க."

அக்டோபர், நவம்பரில் தோல் தணிந்தது. வலது தொடையில் போட்ட ஊசிக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, இரண்டு மூன்று நாளில் மறைந்தது. லாயிட் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு, ஃபைல எடு" என்பான். ஐரின் சிரிப்பாள். அவள் சிரித்தது அந்த இரண்டு மாதங்கள்தான்.

டிசம்பரில் கல்கல்ஸ் செய்யக் கூப்பிட்டாள். இனிப்பு மாவைச் சிறு உருண்டையாக எடுத்து, முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம். விரலுக்கு அதைவிடக் கஷ்டமான சமையல் வேலை இல்லை. நோய் வந்த பிறகு அவள் அதைச் செய்ததே இல்லை. நான் போனபோது ஒரு தட்டு நிறையச் சுருட்டி வைத்திருந்தாள். லாயிட்டும் மடியில் தட்டை வைத்துச் சுருட்டினான். அவனுடையது ஒழுங்காக, ஒரே அளவாக இருந்தது. அவளுடையது கோணல்மாணல்.

"பாருங்க சிஸ்டர், அக்கா செஞ்சது எல்லாம் நத்தை. ஒண்ணு ரெண்டு நகருது."

"நகர்றத நீ தின்னு."

அவள் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கைநுனி மாவில் புரண்டுகொண்டிருந்தது.

"ஸ்வெட்டர் கைய மடிச்சு விடு, மாவு படுது."

"குளிருது சிஸ்டர்."

பெங்களூரில் டிசம்பரில் குளிரத்தான் செய்யும். ஆனால் அவள் எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூக்கில் வியர்வை. நான் எழுந்து போய் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினேன்.

முழங்கை வரைக்கும் தடிப்பு தடிப்பாக, திட்டுத் திட்டாக. கழுத்திலும் இருந்தது. ஊக்கு குத்திக் கழுத்துப் பட்டையை மூடியிருந்தாள். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இடது பக்கத்தில் மாதக்கணக்காக ஊசி படாத பழைய இடங்கள்கூட மறுபடி சிவந்து எழும்பியிருந்தன. ஒவ்வொரு இடமும் தனித்தனியாகத் தெரிந்தது.

எண்ணெய், நாடா, சுவர் எதுவும் இதற்குக் காரணம் இல்லை. இந்த மருந்தை அவள் உடம்பு ஏற்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டதில் கொஞ்ச நாள் சத்தம் அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"டாக்டரம்மா இதப் பாத்தாங்களா?"

ஐரின் ஸ்வெட்டர் கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"செப்டம்பர்ல காட்டினேன்னியே?"

"காட்டல சிஸ்டர்." தலை குனிந்தபடி சொன்னாள். "காட்டினா நிறுத்திருவாங்க. அரிப்பு மாத்திர போட்டுட்டுத்தான் ஊசியே போடுறேன். தாங்கிக்கிறேன். அரிப்புதானே."

"அரிப்போட நிக்காது. மூச்சுல போய் நிக்கும். இந்த ஞாயித்துக்கெழம போடாத. திங்கக்கெழம நானும் வர்றேன், ரெண்டு பேரும் போவோம்."

"சரி சிஸ்டர்."

கட்டிலில் லாயிட் ஒரு உருண்டையை முள்கரண்டியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது.

"சிஸ்டர், அக்காவுக்கு வாய் வீங்குது."

போனேன். ஐரின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் இமைகள் மூடிக்கொண்டிருந்தன. மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அவள் சாய்ந்துவிடாமல், கட்டிலிலிருந்து எட்டி அவள் கழுத்துப் பட்டையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தான் லாயிட். இன்னொரு கையில் போன். ஸ்டூலின் மேல் போட்டு முடித்த ஊசி கிடந்தது.

மூலையில் ஆட்டோ நிறுத்தியிருக்கும் கோவிந்தப்பா ஓடிவந்தார். "ஏனாயித்தம்மா? டீச்சருக்கு என்ன?" என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டுக்கொண்டே அவளைத் தூக்கினார். அவரும் நானும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினோம். நான் ஏறும் முன் திறந்த கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தேன். லாயிட்டால் எழுந்து வாசல் வரைக்கும் வர முடியாது. கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்த கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

கேஷுவாலிட்டியில் உடனே ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மூச்சைச் சீராக்கினார்கள். பிழைத்தாள். மறுநாள் மூட்டு டாக்டரம்மா வந்தார். கோபக்காரர் இல்லை. களைத்திருந்தார்.

"எத்தன மாசமா இது இருக்கு?"

ஐரின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருந்தா ஸ்லோவா வேற மருந்துக்கு மாத்தியிருப்பேன். வலியும் திரும்பி வராம பாத்திருப்பேன். இனிமே இந்த ஊசி கிடையாது. வாழ்க்கையில கிடையாது."

"வேற?" என்று கேட்டாள் ஐரின்.

"ட்ரிப்ஸ்ல ஏத்துற மருந்து ஒண்ணு இருக்கு. உங்க ஈரல், உங்க அலர்ஜி எல்லாம் பாத்துட்டுத்தான் குடுக்க முடியும். அதுக்கே சில மாசம் ஆகும். குடுத்தாலும் வேலை செய்ய இன்னும் சில மாசம். செய்யாமலும் போகலாம்."

"அது வரைக்கும் கை?"

டாக்டரம்மா சீட்டில் வலி மாத்திரை எழுதினார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே சண்டை. ஃப்ரிட்ஜ் கதவில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், இன்னும் இரண்டு ஊசிகள் இருந்தன. நான் கஞ்சி கொண்டு போனபோது வாசலிலேயே குரல் கேட்டது.

"பாதி போடுடா. பாதி போட்டுட்டு எடுத்துரு."

"அது பாதியில நிக்காதுக்கா. ஸ்பிரிங்கு. அழுத்தினா முழுசும் போயிரும். உனக்குத் தெரியாதா?"

"அப்ப முழுசும் போடு. சிஸ்டர் பக்கத்துல இருப்பாங்க."

"மாட்டேன்."

"போன ஞாயிறு மட்டும் போட்ட?"

நான் உள்ளே போனதும் லாயிட் என்னிடம் சொன்னான், அவளிடம் இல்லை.

"அவ தோல தெனமும் பாத்தது நான்தான் சிஸ்டர். குத்துற எடத்த என் கையாலதான் தொடுவேன். கொதிக்கும். போன ஞாயிறு நீங்க போடாதன்னது எனக்கும் கேட்டுச்சு. இந்த ஒரு வாட்டின்னா. எனக்கும் வேணும்னு இருந்துச்சு. நிறுத்தினா நான் எங்க போவேன்னு நெனச்சேன். என்னப் பத்தித்தான் நெனச்சேன்."

"டேய், நான்தானே கேட்டேன்" என்றாள் ஐரின்.

"நீ கேட்ட. அழுத்துனது யாரு?"

ஐரின் என் பக்கம் திரும்பினாள். "நீங்க போடுங்க சிஸ்டர். நீங்க நர்ஸ். எத்தன பேருக்குப் போட்டிருப்பீங்க."

"சாகப் போறவங்களுக்குக்கூடப் போட்டிருக்கேன். சாகடிக்கப் போட்டதில்ல" என்றேன். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டு ஊசிகளையும் எடுத்துப் பையில் போட்டேன். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பொங்கலுக்குள் காலையில் விரல்கள் விறைத்து, மதியம்தான் கொஞ்சம் இளகின. மாத முடிவில் மதியமும் இளகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வீட்டில் சேர்த்திருந்த டியூஷன் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்க முடியாமல் போயிற்று. தோல் மட்டும் ஆறிவிட்டது. தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. வழவழவென்று, சின்னப் பெண் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஐரின் ஒரு நாள் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா?" என்றாள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் வைத்துப் பார்த்தோம். ஏஜென்சியில் நானே பேசி ஆள் அனுப்பச் சொன்னேன். ஒருவர் வந்தார், வேலை தெரிந்தவர். ஆனால் அந்த வீட்டில் மூன்றாவது ஆள் படுக்க இடம் இல்லை. பகலில் மட்டும் வந்து போனார். அதையும் தொடர்ந்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதி இல்லை. என்னால் ஆன நேரத்துக்கு நான் போனேன். என் வயதில் ஒரு முழு ஆம்பளை உடம்பைத் தனியாகப் புரட்ட முடியாது. ஐரின் ஒரு முனை, நான் ஒரு முனை என்று அவனுக்கு அடியில் விரித்த துணியைப் பிடித்து இழுப்போம். அவள் பிடித்த முனை நழுவிக்கொண்டே இருக்கும். கடைசியில் துணியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு முழங்கையால் இழுத்தாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு மதியம், நான் இல்லாத நேரத்தில், தனியாகவே இழுத்துப் பார்த்திருக்கிறாள். துணி நழுவி லாயிட் தரையில் விழுந்துவிட்டான். கோவிந்தப்பாவும் பக்கத்து மளிகைக் கடைக்காரரும் தூக்கிப் போட்டார்கள். நான் போனபோது இருவரும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தார்கள். லாயிட் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அடி பட்டுச்சா?"

"எனக்கா? வலிக்கவே இல்ல சிஸ்டர். அந்த விஷயத்துல நான் குடுத்து வெச்சவன்."

இடுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். தரை உரசி, உள்ளங்கை அளவுக்குத் தோல் போயிருந்தது. கட்டில் துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. அவனால் உணர முடியாது. அவளால் புரட்டிப் பார்க்க முடியாது. நான் வராமல் இருந்திருந்தால் அப்படியே அழுகியிருக்கும்.

கட்டுப் போடும்வரை காத்திருந்தான். பிறகு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"சிஸ்டர், அந்த ஹோமுக்கு போன் போடுங்க."

"டேய்" என்றாள் ஐரின்.

"நீ சும்மா இருக்கா. உன் கை போச்சு. எனக்கு இடுப்புக்குக் கீழ போச்சு. ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளா இருந்தோம். இப்ப அரை ஆளுக்கும் காணல."

"ட்ரிப்ஸ் குடுத்தா சரியாகும்னாங்கடா."

"சரியாகட்டும். அப்ப வந்து கூட்டிட்டு வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

அவள் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போன் போட்டேன்.

போகிற அன்றைக்கு அவனுக்குச் சட்டை பொத்தான் போட வந்தாள். ஒரு பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். முதல் பொத்தானே துளைக்குள் போகவில்லை. அவள் கையை எடுத்த பிறகு, எல்லாப் பொத்தானையும் லாயிட் தானே போட்டுக்கொண்டான்.

இல்லத்தில் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். குதிகால் படுக்கையில் படக் கூடாது. இடுப்புக் காயத்துக்கு இன்ன கட்டு. நல்ல பெண். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தப் பெரிய அறையைப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள். பகலுக்கு இரண்டு ஆயாக்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அத்தனை பேரையும் அந்த இரண்டு பேர் அந்த நேரத்துக்குள் புரட்ட முடியாது. அது யார் குற்றமும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஐரினும் நானும் கோவிந்தப்பாவின் ஆட்டோவில் போனோம். காலைப் பூசையில் கொடுத்த குருத்தோலை கையில் இருந்தது. ஐரின் அதை விரலில் பிடிக்க முடியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். லாயிட் சவரம் செய்து, சுத்தமாக இருந்தான். அந்த அறையின் ஃபேன் ரெகுலேட்டர்களையெல்லாம் பழுது பார்த்துவிட்டானாம்.

"இப்ப எல்லா ஃபேனும் ஓடுது சிஸ்டர். ஆயாவுங்களுக்கு என் மேல லவ்வு."

"தூங்குறியாடா?" என்றாள் ஐரின்.

"பக்கத்துக் கட்டில் தாத்தா ராத்திரி பூரா ஜெபம் பண்றாரு. நான் ஆமென் சொல்லிச் சொல்லி அப்படியே தூங்கிருவேன்."

நான் பேச்சுக்கு நடுவில் போர்வையை விலக்கினேன். இடுப்புக் காயம் ஆறியிருந்தது. அவனை லேசாகச் சாய்த்து, முதுகுத் தண்டின் அடியைப் பார்த்தேன். வால் எலும்பின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம். தோல் கிழியவில்லை. விரலால் அழுத்தி எடுத்தேன். காத்திருந்தேன். மறுபடி அழுத்தினேன்.

"வெளுத்துச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள் ஐரின்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பொய் சொல்லிப் பயன் இல்லை.

"இல்ல."

அவள் குருத்தோலையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அவன் இடுப்புக்கு அடியில் செருகினாள். விரல்கள் விரியவில்லை. மூடிய கைகளாலேயே முட்டுக்கொடுத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டுத் தள்ளினாள். அவன் அசையவில்லை. வலியில் அவள் முகம் வெளுத்தது.

"விடுக்கா" என்றான் லாயிட். "எனக்கு வலிக்கல. உனக்குத்தான் வலிக்குது. விடு."

அவள் விடவில்லை. அவன் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்து, தோள் பலத்தில் தன்னைத்தானே பாதி திருப்பிக்கொண்டான். அந்த இடைவெளியில் நான் ஒரு தலையணையைச் செருகினேன். அந்தத் தலையணை மெல்லியது, பழையது. அவன் கையை எடுத்ததும் அது அமுங்க ஆரம்பித்தது.

பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று ஆயா வந்து சொன்னார். அடுத்து எப்போது புரட்டுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"சாயங்காலம் வருவோம்மா" என்றார்.

அப்போது மதியச் சாப்பாடே இன்னும் வந்திருக்கவில்லை.